மணிமேகலை காட்டும் அளவையும் பல்கலைக்கழக மெய்யியல் கல்வியின் பயனும்

முன்னுரை

பினாங்குத் தீவின் கெலுகோர் வட்டாரத்தில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969-ஆம் ஆண்டு தோற்றம் பெற்றது. தனக்கெனக் கட்டடம் இல்லாத தொடக்க நாளில் அது கெலுகோரிலிருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வளாகத்தில் இயங்கியது. 1971-இல் மிண்டன் வளாகத்திற்கு இடம் பெயர்ந்தது. ஆசிரியர் கல்வி நடைபெற்ற மண்ணில் வேர்கொண்டு, அறிவியலைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் அப்பல்கலைக்கழகத்தின் மனிதவியல் புலத்தில் மெய்யியலுக்கும் ஓர் இடம் அமைந்திருப்பது நம் கருத்தை ஈர்க்கிறது. நேரடியாகத் தொழில் எதற்கும் வழிகாட்டாத மெய்யியலைப் பல்கலைக்கழகத்தில் பயில்வதால் என்ன பயன் என்னும் வினா பெற்றோரிடையும் மாணவரிடையும் எழுவது இயல்பே. அவ்வினாவிற்குத் தமிழாசிரியர் நோக்கிலிருந்து விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

மெய்யியலும் சமயமும்

மெய்யியல் என்றதும் சமயத்தையே எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இரண்டும் உயிர், உலகு, இறை என்னும் பொருள்களைப் பற்றிப் பேசுவது உண்மையே. எனினும், ஒரு கொள்கையை ஏற்று அதன்வழி ஒழுகுவது சமயம். அக்கொள்கை மெய்யென்று எவ்வாறு அறிந்தோம் என வினவுவது மெய்யியல். இவ்வேறுபாட்டைத் தமிழ் நூல்கள் நன்கு உணர்ந்திருந்தன.

மணிமேகலையின் 27-ஆம் காதை இதற்குத் தக்க சான்றாகும். வஞ்சி நகரில் மணிமேகலை பல்வேறு சமயக் கணக்கரை அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே கேட்கிறாள். அவர்களுள் முதலில் பேசுபவன் அளவைவாதி. எதனை நம்புவது என்பதற்கு முன், எவற்றைக் கொண்டு அறிவது என்பது தெளிவாக வேண்டும் என்னும் முறை இவ்வைப்பில் புலப்படுகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்திருப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. பரபக்கத்தில் உலகாயதம் முதலான பிறர் கொள்கைகளை முதற்கண் எடுத்துரைத்து, அதன் பின்னரே ஆசிரியர் மறுக்கிறார். ஒரு கருத்தை மறுக்க விரும்புவோன் முதலில் அதனைச் செவ்வனே எடுத்துரைக்கக் கற்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடமாகும்.

கொடிமலையும் புகையும்

மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவையியலை விரிவாக விளக்குகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளைக் கூறி, இறுதி இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என அவர் தொகுத்துரைக்கும் குற்றங்கள் 33 ஆகும். சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு இப்பகுதி கொண்டுள்ள நெருங்கிய ஒப்புமையை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர்.

இவற்றைப் பினாங்கு மாணவர்க்கு எளிதில் விளக்க இயலும். ‘இம்மலையில் நெருப்பு உண்டு, புகை உடைமையால், அடுக்களை போல’ என்பது அளவை நூல்களின் மரபான எடுத்துக்காட்டு. மலை என்பதற்குக் கொடிமலையைக் கொள்வோம். மழை பெய்து ஓய்ந்த காலைப்பொழுதில் அம்மலைமேல் வெண்ணிறமாகத் தவழ்வது பெரும்பாலும் பனியும் ஆவியுமே. அதனைப் புகையோ ஆவியோ என்று ஐயுற்ற நிலையிலேயே நெருப்பு உண்டெனத் துணிவது சித்தாசித்தம் என்னும் ஏதுப்போலியாகும்.

1997-ஆம் ஆண்டிலும் 2015-ஆம் ஆண்டிலும் இந்தோனேசியக் காட்டுத் தீயினால் எழுந்த புகைமூட்டம் மலேசியத் தீபகற்பத்தைச் சூழ்ந்தது. அந்நாளில் கொடிமலையில் இருந்தது ஐயத்திற்கிடமற்ற புகையே. ஆயினும் நெருப்போ கடலுக்கு அப்பால் இருந்தது. நெருப்பு இல்லாத இடத்திலும் புகை காணப்படுவதால் இங்கு ஏது பிறழ்கிறது. இவ்வாறு ஒருதலையாக நில்லாத ஏதுவினை அநைகாந்திகம் என்பர். ‘அவ்விடத்தினின்றே தொடர்பறாது எழும் புகை’ என ஏதுவை வரையறுத்தால் இக்குற்றம் நீங்கும். கண்ணால் கண்டதை ஐயுறுவதும், ஏதுவைத் திருத்துவதும், திருத்திய பின் மீண்டும் சோதிப்பதும் அறிவியலாய்வுக்கும் பொதுவான படிகளே.

வகுப்பறைத் தேவை

மலேசியாவின் தேசியக் கல்வித் தத்துவம் 1988-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. உடல், உள்ளம், அறிவு, ஆன்மிகம் ஆகியவற்றில் சமநிலை பெற்ற மனிதரை உருவாக்குவதே அதன் நோக்கம். 2013-ஆம் ஆண்டு தொடங்கிய கல்வி மேம்பாட்டுத் திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை வலியுறுத்தியது. 2019-ஆம் ஆண்டில் மெய்யியலும் நடப்புச் சிக்கல்களும் என்னும் பொருளில் ஒரு பாடம் பல்கலைக்கழகப் பொதுப்பாடங்களுள் சேர்க்கப்பட்டது. ஆகவே, சிந்தனையைக் கற்பிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை; அதனைக் கற்பிக்கும் கருவி ஆசிரியரிடம் உள்ளதா என்பதே சிக்கல். உயர்நிலை வினாவிற்கும் மாதிரி விடையை மனனம் செய்விக்கும் நிலை நேருமாயின், அவ்வினாவின் நோக்கமே கெடும்.

தமிழ் மாணவர் ஒருவர் ‘இந்நூல் பழமையானது, ஆதலால் சிறந்தது’ என எழுதுவதாகக் கொள்வோம். தமிழ்ப்பற்று மிகுந்த ஆசிரியர் அதற்கு முழு மதிப்பெண் வழங்கிவிடக்கூடும். அளவை பயின்ற ஆசிரியரோ, பழமையானவை அனைத்தும் சிறந்தவையா எனக் கேட்டு, நூலின் சிறப்பை அதன் பொருளிலும் நடையிலும் காணத் தூண்டுவார். இதனால் தமிழின் பெருமை குறைவதில்லை. பிறர் மறுக்கவியலாத அடிப்படையைப் பெறுகிறது.

தொழிற்பயன் என்னும் தடை

மெய்யியல் பட்டம் வேலை தருமா என்னும் வினாவிற்கு மழுப்பலான விடை கூறுதல் தகாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1962-இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார் என்பதைச் சிலர் விடையாகக் கூறுவர். ஒருவரின் உயர்வைக் கொண்டு பொதுவிதி காண்பது அளவையியலுக்கே முரணானது. மெய்யியல் எந்தப் பதவிக்கும் உறுதி அளிப்பதில்லை. ஆயின், சட்டம், இதழியல், நிருவாகம், ஆசிரியம் ஆகிய பணிகளில் அன்றாடம் வேண்டப்படும் ஆற்றல்களான சொல்லை வரையறுத்தல், சான்றை எடைபோடுதல், எதிர்க்கருத்தை நேர்மையாகக் கேட்டல் ஆகியவற்றை அது முறையாகப் பயிற்றுகிறது. பட்டத்திற்குரிய முதன்மைப் பாடமாக எல்லாரும் அதனைக் கொள்ள வேண்டுவதில்லை; துணைப்பாடமாகவேனும் பயில்வது பயன் தரும்.

முடிவுரை

மணிமேகலையின் 29-ஆம் காதையைக் கடினப் பகுதியெனக் கருதி ஒதுக்கிச் செல்லும் போக்கு மாற வேண்டும். இந்திய ஆய்வியல் துறைகளும் தமிழாசிரியர் பயிற்சி நிலையங்களும் அதனை இலக்கியப் பகுதியாக மட்டுமன்றிச் சிந்தனைப் பயிற்சி நூலாகவும் கற்பித்தல் வேண்டும். போலிகளின் பெயர்களை மனனம் செய்வது முதன்மையன்று. ஒவ்வொன்றிற்கும் தம் சூழலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை மாணவரே காண்பதுதான் முதன்மையானது. கேட்ட கொள்கைகளையெல்லாம் அளந்து பார்த்த பின்னரே மணிமேகலை தன் வழியைத் தேர்ந்தாள். நம் மாணவரும் அவ்வாறு அளந்து தேரும் ஆற்றல் பெறுவதே பல்கலைக்கழக மெய்யியல் கல்வியின் தலையாய பயன் எனத் துணியலாம்.