மாத்திரையில் மருந்தில்லை, வலி மட்டும் குறைந்தது



நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் குருக்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "நீங்க வந்ததே போதும் சாமி, பாதி நோய் போயிடுச்சு." அண்மையில், அப்படிச் சொன்ன ஒருவரே தொடர்ந்து இன்னொன்றையும் சொன்னார்: "ஜெபக்கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து உடம்பு லேசா இருக்கு. சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன்." முதல் சொல் எங்களை மகிழ்வித்தது, இரண்டாவது சொல் எங்களைத் திடுக்கிட வைத்தது. இவை இரண்டையும் பிரித்து அறிய, 'பிளாசெபோ' பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்தே இல்லாத மாத்திரையை மருந்தென்று கொடுக்கும்போதும் சிலருக்கு நலம் தெரிகிறது. அந்த மாத்திரையைப் பிளாசெபோ என்கிறார்கள். இது நமது செபப் புத்தகத்திலிருந்து போன சொல். இடைக்காலத் திருச்சபையில் இறந்தோருக்கான மாலைப் புகழ், திருப்பாடல் 116-இலிருந்து எடுத்த இந்த இலத்தீன் சொல்லோடு தொடங்கியது. 'நான் உகந்தவனாவேன்' என்பது அதன் பொருள். கூலிக்கும் சாப்பாட்டுக்கும் வந்து, துக்கம் இருப்பதுபோல் நடித்து அதைப் பாடியவர்களை 'பிளாசெபோ பாடுகிறவர்கள்' என்று மக்கள் கேலி செய்தார்கள். போலித் துக்கத்துக்கு வந்த பெயர் பின்னாளில் போலி மருந்துக்கும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் அந்த நலமும் போலிதானா? இல்லை. 1978-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், கடைவாய்ப் பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு மருந்தில்லாத ஊசியை மருத்துவர்கள் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, அபினி வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது அவர்களுக்கு வலி கூடியது. நம்பிக்கையோடு காத்திருக்கும் உடல், தனக்குள்ளேயே வலி நிவாரணியைச் சுரக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆகவே "எல்லாம் மனப்பிரமை" என்று எந்த நோயாளியையும் நாம் ஏளனம் செய்யக் கூடாது.

ஆனால் இந்த ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. 2011-இல் ஹார்வர்டு மருத்துவர்கள் ஆஸ்துமா நோயாளிகளிடம் நான்கு முறைகளை ஒப்பிட்டார்கள்: உண்மையான இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர், சிகிச்சை ஏதும் தராமல் விடுதல். "எவ்வளவு தேவலை?" என்று கேட்டபோது, உண்மை மருந்துக்கு 50 விழுக்காடு என்றார்கள், இரண்டு போலிகளுக்கும் 45, 46 விழுக்காடு என்றார்கள். நோயாளியின் உணர்வில் வேறுபாடே இல்லை. நுரையீரலைக் கருவியால் அளந்தபோதோ, உண்மை மருந்தில் 20 விழுக்காடு முன்னேற்றம். மற்ற மூன்றிலும் ஏறக்குறைய 7 மட்டுமே. மூச்சு எளிதானதாக அவர்கள் உணர்ந்தார்கள். ஆனால் மூச்சுக்குழல் அந்த அளவுக்குத் திறக்கவில்லை.

நம் நண்பரின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை ஏறியிருந்தாலும் பல நாள் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. கண்ணும் சிறுநீரகமும் காலும் மெல்ல மெல்லக் கெடும். உடம்பு லேசாக இருப்பது நல்லதுதான். இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அதே வேளையில், நம்பிக்கை தர யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. 2010-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், குடல் கோளாறால் வருந்திய 80 பேரில் ஒரு பகுதியினரிடம் "இதில் மருந்தில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் 59 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் கண்டனர். மாத்திரை பெறாதவர்களில் 35 விழுக்காட்டினரே கண்டனர். பரிவோடு பேசிய மருத்துவர், சடங்குபோல் தவறாமல் எடுத்த மாத்திரை இவற்றுக்கும் அதில் பங்குண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கெடுதல் வரும் என்று எதிர்பார்க்கும் மனம் வலியைக் கூட்டும். அதை 'நோசெபோ' என்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "எங்க பெரியப்பாவுக்கும் இதேதான், மூணு மாசம்தான் இருந்தார்" என்று சொல்லும் நம்மவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

"அப்படியானால் புதுமைகளும் பிளாசெபோதானா சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை முதலில் கேட்பதே திருச்சபைதான். லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்குகிறது. அங்கே பதிவான ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணமடைதல்களில், புதுமையென ஏற்கப்பட்டவை எழுபதைச் சற்றே தாண்டும். நோய் உறுதி செய்யப்பட்டதா, திடீரென முழுமையாகக் குணமானதா, அந்தக் குணம் நிலைத்ததா, மருத்துவத்தால் விளக்க முடியாததா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறார்கள். விசுவாசம் சோதனைக்கு அஞ்சுவதில்லை.

சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் செபத்தையும் மருத்துவரையும் அடுத்தடுத்தே வைக்கிறது. நோயில்பூசுதலும் மருந்துக்குப் பதிலாகத் தரப்படுவதல்ல. மாத்திரையை நிறுத்தியவரிடம் நாங்கள் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம்: ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்; போகும் முன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனைக்குப் போகையில் நாங்களும் உடன் வருகிறோம்.

இறைவன் உங்களுக்கு உடல் நலமும் உள்ள நலமும் அருள்வாராக. ஆமென்.