ரகூசாவின் மதிலும் கணக்கேடும்

குரோவேஷிய நாட்டின் தென்கோடியில், ஏட்ரியாட்டிக் கடலோரப் பாறையின்மீது டுப்ரோவ்னிக் நகரம் அமைந்துள்ளது. இடைக்காலத்தில் அதன் பெயர் ரகூசா. 1205 முதல் வெனிசு நகரின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்த இவ்வூர், 1358இல் அதனின்று விடுபட்டு, 1808 வரை தன் அலுவல்களைத் தானே நடத்திக்கொண்ட ஒரு சிறு வணிகக் குடியரசாக விளங்கியது. பெரும் படையோ பரந்த விளைநிலமோ அதற்கு இல்லை. கப்பல்கள் இருந்தன, உப்பு இருந்தது, ஊரைச் சுற்றி ஒரு மதில் இருந்தது.

அம்மதில் இன்றும் முழுமையாக நிற்கிறது. அதன் சுற்றளவு 1,940 மீட்டர். சில இடங்களில் உயரம் 25 மீட்டரை எட்டுகிறது. நிலத்தை நோக்கிய பக்கத்தில் சுவரின் கனம் 4 முதல் 6 மீட்டர். கடலை நோக்கிய பக்கத்தில் 1.5 முதல் 3 மீட்டர் மட்டுமே. கடற்பக்கத்தைப் பாறையும் அலையும் ஓரளவு காத்தன. நிலப்பக்கத்திலோ நகருக்கு மேலாக மலை எழுகிறது, அம்மலைக்கு அப்பாலிருந்துதான் அச்சம் வந்தது. எங்கே இடர் மிகுதியோ அங்கே செலவும் மிகுதி.

1453இல் கான்ஸ்டான்டிநோபிள் நகரின் புகழ்பெற்ற மதில்கள் உதுமானியப் பீரங்கிகளின் முன் வீழ்ந்தன. பத்தே ஆண்டுகளில், 1463இல், அண்டை நாடான பாஸ்னியாவும் வீழ்ந்தது. உயர்ந்து மெலிந்த பழைய சுவர் இனி உதவாது என்பதை ரகூசாவின் ஆட்சியாளர்கள் உணர்ந்தனர். பிளாரன்சிலிருந்து மிக்கெலோட்சோ என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்தனர். மெடிச்சி வங்கிக் குடும்பத்தின் மாளிகையை வடிவமைத்தவர் இவரே. 1319இல் எழுப்பப்பட்டிருந்த மிஞ்செத்தா என்னும் சதுரக் கோபுரத்தைச் சூழ்ந்து, பீரங்கிக் குண்டுகளைத் தாங்கவல்ல வட்டக் கோபுரம் ஒன்று எழுந்தது. அப்பணியை 1464இல் நிறைவேற்றியவர் யுராய் டல்மாட்டினாட்ஸ் என்னும் சிற்பி.

இத்தகைய செலவுகளுக்கான வருவாயில் குறிப்பிடத்தக்க பங்கு உப்பிலிருந்து கிடைத்தது. 1333இல் செர்பிய அரசரிடமிருந்து ஸ்டோன் என்ற ஊரையும் அதையடுத்த தீபகற்பத்தையும் ரகூசா பணம் கொடுத்துப் பெற்றது. அங்குள்ள உப்பளங்களைக் காக்க மற்றொரு நெடுமதிலை எழுப்பியது. அதில் 5 கிலோமீட்டருக்கு மேல் இன்றும் எஞ்சியுள்ளது. தலைநகரின் மதிலைவிட உப்பளத்தின் மதில் நீளமானது என்பதைக் காணும்போது அவ்வூராரின் கணக்கு நமக்கு விளங்குகிறது.

மேற்கு வாயிலுக்கு வெளியே, கடலோரத்தில் 37 மீட்டர் உயரப் பாறைமீது லோவ்ரியெனாட்ஸ் என்னும் கோட்டை நிற்கிறது. வெளிப்புறம் நோக்கிய அதன் சுவர்களின் கனம் சில இடங்களில் 12 மீட்டர். நகரை நோக்கிய சுவரின் கனமோ வெறும் 60 சென்டிமீட்டர். கோட்டைத் தலைவன் என்றேனும் ஊருக்கு எதிராகத் திரும்பினால், நகரிலிருந்து சுடும் பீரங்கி அச்சுவரை எளிதில் தகர்த்துவிடும். இதுவும் போதாதென்று தலைவனை மாதந்தோறும் மாற்றினர். குடியரசின் தலைவரான ரெக்டருக்கும் பதவிக்காலம் ஒரு மாதமே. அவர் அரசுப் பணிக்கன்றி மாளிகையைவிட்டு வெளியேறலாகாது. இரவில் மூடப்படும் நகர வாயில்களின் திறவுகோல்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. பெட்டகத் திறவுகோலை ஒருவரிடமே விட்டுவைக்காத வங்கி நடைமுறையை அறிந்த நமக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று. ஆயினும் உட்கட்டுப்பாட்டைச் சுவரின் கனத்திலேயே அமைத்துக் கட்டிய ஊர் இதனையன்றி மற்றொன்று உண்டோ எனத் தோன்றுகிறது.

அக்கோட்டை வாயிலில், உலகப் பொன் அனைத்துக்கும் ஈடாகவும் சுதந்திரத்தை விற்கலாகாது என்ற பொருளுடைய இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அதே குடியரசு 1481 முதல் உதுமானியச் சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 டுக்காட் பொற்காசுகளைத் திறையாகச் செலுத்தி வந்தது. இதனை முரண்பாடு என்று நகைப்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அத்தொகைக்கு ஈடாகச் சுல்தானின் பரந்த நாடெங்கும் சலுகையுடன் வணிகம் செய்யும் உரிமையை ரகூசா பெற்றது. பாஸ்னியாவுக்குப் பின்னரும் தன் சட்டத்தையும் சமயத்தையும் தானே பேணியது. மதிலைக் கட்டியவர்களே, அந்த மதில் தனித்து நின்று ஒரு பேரரசைத் தடுத்துவிடாது என்பதையும் அறிந்திருந்தனர்.

கணக்கிடுவது அவ்வூரின் இயல்பு. வணிகவியல் பயின்றோர் இரட்டைப் பதிவு முறைக்கு லூக்கா பாச்சோலியின் பெயரையே முதலில் சொல்வர். அவருடைய நூல் 1494இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1458இல், ரகூசாவைச் சேர்ந்த பெனெடெட்டோ கொத்ருலி வணிகம் பற்றித் தாம் எழுதிய நூலில் அம்முறையை விளக்கிவிட்டார். அது அச்சேறியது 1573இல் என்பதால் புகழ் மற்றவரைச் சேர்ந்தது. 1568இல் கடல்சார் காப்பீட்டுக்கெனத் தனிச் சட்டத்தையும் இக்குடியரசு இயற்றியது.

கிழக்கு வாயிலையடுத்த ரெவலின் கோட்டையின் கதை சற்று வேறு. 1538இல் துருக்கியரை எதிர்த்து வெனிசும் ஸ்பெயினும் கைகோத்தபோது, இரு பெரும் வல்லமைகளுக்கிடையே சிக்கிய ரகூசா, ஃபெர்ராமொலினோ என்ற பொறியாளரின் வரைபடத்தை ஏற்றுப் பணியைத் தொடங்கியது. பணி முடியப் பதினோர் ஆண்டுகள் ஆயின. அதுவரை நகரில் மற்றக் கட்டடப் பணிகள் யாவும் நிறுத்தப்பட்டன. மணமாகி வரும் மருமகளுக்கு ஓர் அறை கூட்டிக் கட்ட எண்ணிய குடும்பமும் காத்திருந்திருக்கும். எதிர்பார்த்த படையெடுப்போ வரவில்லை. வீண்செலவு என்று முணுமுணுத்தோர் இருந்திருந்தால் வியப்பதற்கில்லை.

1667ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ரெக்டர் உட்பட ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மாளிகைகளும் பேராலயமும் இடிந்தன, தீயும் பரவியது. மதில் பெருமளவு நிலைத்தது. ரெவலினோ பழுதின்றி நின்றது. அரசின் அவைகள் அங்கே கூடின. பேராலயத்தின் செல்வங்கள் அங்கே பாதுகாக்கப்பட்டன. எந்த இடருக்காகக் கட்டப்பட்டதோ அதற்கன்றி, யாரும் எண்ணாத வேறோர் இடருக்கு அக்கோட்டை பயன்பட்டது.

குடியரசின் முடிவும் மதில் உடைந்து வந்ததன்று. 1806இல் நெப்போலியனின் படை நகருக்குள் நுழைந்தது, வாயில்கள் திறந்தே விடப்பட்டன. 1808இல் குடியரசு கலைக்கப்பட்டது.

1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பழைய நகரம் இடம்பெற்றது. 1991இல் யுகோஸ்லாவியா சிதறியபோது நகரம் முற்றுகைக்குள்ளாகி, டிசம்பர் 6ஆம் நாள் கடும் குண்டுவீச்சுக்கு ஆளானது. மதிலின்மீதும் பல குண்டுகள் விழுந்தன. சுவர் தாங்கியது, பல வீடுகளின் கூரைகள் தாங்கவில்லை.

மதிலின் பராமரிப்பை 1952இல் தோன்றிய உள்ளூர்ப் பழைமை ஆர்வலர் சங்கம் ஒன்று ஏற்று நடத்துகிறது. மதில்மேல் நடக்க வருவோர் செலுத்தும் நுழைவுக் கட்டணமே சீரமைப்புக்கான முதன்மை வருவாய். அவ்வாறு நடப்போர் கீழே நோக்கினால் கூரைகள் இரு நிறங்களில் தெரியும். மங்கிய பழுப்பு நிற ஓடுகள் பழையவை. பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் போருக்குப் பின் வேய்ந்தவை.