கற்பனைக் களத்தில் கால்பந்து

சனிக்கிழமைப் பிற்பகல் ஆனால் நம் விடுதிகளில் ஒரு விந்தையைக் காணலாம். வங்காள நண்பர்களும் மலையாள நண்பர்களும் கைபேசியும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, கணக்குப் பரீட்சைக்குப் போகிறவர்களைப் போல எதையோ கூட்டுவார்கள், கழிப்பார்கள். "காப்டனை மாற்றிவிட்டாயா?" என்று ஒருவரை ஒருவர் பதைபதைத்துக் கேட்பார்கள். நம்மவர்களில் பலர் இதைப் பார்த்து, "ஏதோ சூதாட்டம் போலிருக்கிறது" என்று ஒதுங்கிப் போவதுண்டு. சூதாட்டமும் அன்று, பெரிய வித்தையும் அன்று. ஃபேன்டசி கால்பந்து என்பது இதன் பெயர். கற்பனைக் கால்பந்து என்று நாம் வைத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். சில ஆண்டுகளாக ஆடி வருகிறேன் என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 கழகங்கள் உள்ளன. ஆகஸ்டு முதல் மே வரை ஒவ்வொரு கழகமும் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. அக்கழகங்களில் ஆடும் உண்மையான ஆட்டக்காரர்களிலிருந்து 15 பேரைப் பொறுக்கி உங்களுக்கென்று ஓர் அணியை அமைக்கிறீர்கள். அவர் அங்கே கோல் அடித்தால் இங்கே உங்களுக்குப் புள்ளி. அவர் அங்கே சிவப்பு அட்டை வாங்கினால் இங்கே உங்கள் கணக்கில் 3 புள்ளி பற்று. பந்தைக் காலால் தொடாமலே நீங்கள் ஓர் அணியின் மானேஜர் ஆகிவிடுகிறீர்கள்!

இந்தக் கற்பனை பிறந்த இடம் இங்கிலாந்து அன்று. அமெரிக்காவில் ஓக்லண்டு ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் என்பவர், 1962-இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து இதன் முதல் விதிகளை வகுத்தார். அவர்கள் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். அது போகட்டும். நாம் பேசப்போகும் ஃபேன்டசி பிரீமியர் லீக் 2002-03 பருவத்தில் தொடங்கியது. இன்று உலகெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இதில் சேர்கிறார்கள். சேருவதற்குக் காசு வேண்டாம்.

முதலில் உங்கள் கையில் 10 கோடி பவுன் தரப்படுகிறது. கற்பனைப் பணந்தான், ஆனால் அதைச் செலவு செய்யும்போது உண்டாகும் மனவேதனை உண்மையானது. அந்தப் பணத்துக்குள் 2 கோல்கீப்பர்கள், 5 தற்காப்பு ஆட்டக்காரர்கள், 5 நடுக்கள ஆட்டக்காரர்கள், 3 முன்னணி ஆட்டக்காரர்கள் வாங்க வேண்டும். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் கூடாது. பதினைவரில் 11 பேர் களத்தில்; மற்ற நால்வர் பெஞ்சில். களத்தில் நிறுத்தியவர் அந்த வாரம் ஆடாமல் போனால், பெஞ்சில் இருப்பவர் நீங்கள் வைத்த வரிசைப்படி தானாகவே அவருடைய இடத்துக்கு வருவார்.

இங்கேதான் புதியவர் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார். பெயர் பெற்றவர்களையெல்லாம் வாங்கிவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 2025-26 பருவத் தொடக்கத்தில் முகமது சலாவின் விலை 1.45 கோடி; ஏர்லிங் ஹாலண்டின் விலை 1.40 கோடி. இருவரையும் வாங்கினால் மீதி 7.15 கோடி. அதற்குள் இன்னும் 13 பேர். தலைக்கு 55 லட்சம்! மலிவான தற்காப்பு ஆட்டக்காரரே 40 லட்சம் என்றால், மிஞ்சிய பணத்தில் வாங்கப்படுகிறவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே, "நல்ல ஆட்டக்காரர் யார்?" என்பதன்று இங்கே கேள்வி. "இந்த விலைக்கு நல்ல ஆட்டக்காரர் யார்?" என்பதே கேள்வி. கல்யாண வீட்டுச் சமையலுக்குக் காய்கறி வாங்குகிறவரும் இதே கேள்வியைத்தான் சந்தையில் கேட்கிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023-24 பருவத்தில் கோல் பால்மர் என்ற இளைஞரின் தொடக்க விலை 50 லட்சம். மான்செஸ்டர் சிட்டியில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர். செப்டம்பர் முதல் தேதி செல்சீ கழகத்துக்கு மாறினார். அங்கே முதல் பதினொருவரில் இடம் கிடைத்தது. விரைவிலேயே பெனால்டி அடிக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. பருவம் முடியும்போது 22 கோல், 244 புள்ளி. அந்த ஆண்டு அவரை மிஞ்சிய ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. 2015-16-இல் லெஸ்டர் சிட்டி பட்டம் வென்றபோது, 55 லட்சத்தில் தொடங்கிய ரியாத் மாரெஸ் 240 புள்ளி குவித்ததும் இதைப் போன்ற கதைதான். இவர்களை முன்கூட்டியே அறிவதற்குச் சோதிடம் வேண்டியதில்லை. மூன்று சங்கதிகளைக் கவனித்தால் போதும்: ஒவ்வொரு வாரமும் முழு நேரம் ஆடுகிறாரா? பெனால்டியும் மூலை உதையும் அவர் பொறுப்பில் இருக்கின்றனவா? அடுத்த நாலைந்து வாரங்களில் அவர் கழகத்தை எதிர்ப்பவர்கள் யார்? முதல் கேள்விக்கே "இல்லை" என்று விடை வந்தால், ஆள் எத்தனை பெரிய மேதையானாலும் விட்டுவிடுங்கள்.

இனிப் புள்ளிக் கணக்கு. களத்தில் இறங்கினாலே 1. அறுபது நிமிடம் ஆடினால் 2. கோலுக்கு எல்லாருக்கும் ஒரே கூலி இல்லை. முன்னணி ஆட்டக்காரர் அடித்தால் 4, நடுக்களத்தார் அடித்தால் 5, தற்காப்பு ஆட்டக்காரர் அடித்தால் 6. கோல் போடுவது யாருடைய வேலையோ அவருக்குக் கூலி குறைவு. எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. கோலுக்கு உதவியவருக்கு 3. எதிரிக்கு ஒரு கோலும் விடாமல் முடித்தால், அறுபது நிமிடமாவது ஆடிய கோல்கீப்பருக்கும் தற்காப்பாருக்கும் 4, நடுக்களத்தாருக்கு 1. மஞ்சள் அட்டைக்கு ஒன்று கழியும். ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறந்து விளங்கிய மூவருக்கு 3, 2, 1 என்று வெகுமதிப் புள்ளிகளும் உண்டு. 2025-26 பருவத்தில் ஒரு புது விதி வந்தது: ஒரே ஆட்டத்தில் பந்தைத் தடுப்பதும் பறிப்பதும் விலக்குவதுமாகத் தற்காப்பு ஆட்டக்காரர் பத்து முறை செய்தால் 2 புள்ளி. பத்திரிகையில் பெயர் வராமல் உழைக்கும் மலிவு விலைத் தற்காப்பாருக்கு இதனால் ஒரு மவுசு ஏற்பட்டது.

சலாவை விதிப் புத்தகம் நடுக்கள ஆட்டக்காரர் என்று வகுத்திருந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அடிப்பது முன்னணி ஆட்டக்காரரைப் போல. பெறுவதோ கோலுக்கு ஐந்து. 2024-25-இல் அவர் 29 கோல் அடித்து, 18 கோலுக்கு உதவி, 344 புள்ளி சேர்த்தார். ஒரே பருவத்தில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அந்த ஆண்டு அவர் விலை 1.25 கோடியில் தொடங்கியது. விலை மிகுந்தவர் எல்லாரும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருக்கு வாரிக் கொடுங்கள். அந்த ஒருவரைக் காப்டன் ஆக்குங்கள். காப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு. அவர் ஆடாவிட்டால் உபகாப்டனுக்கு அந்தச் சலுகை போகும். வாரந்தோறும் செய்யும் முடிவுகளில் கனமானது இது ஒன்றே.

அணி அமைந்த பிறகு வருவது பொறுமையின் பரீட்சை. வாரம் ஒருவரை இலவசமாக மாற்றலாம். மாற்றாமல் விட்டால் அந்த உரிமை சேரும். ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் மாற்றும் ஒவ்வொருவருக்கும் 4 புள்ளி அபராதம். ஒரு வாரம் சறுக்கியதும் மூன்று பேரைத் தூக்கி எறிந்து 8 புள்ளி தண்டம் கட்டுகிறவர்கள் நம் விடுதியில் உண்டு. எறியப்பட்டவர் மறுவாரமே இரண்டு கோல் அடிப்பார்! புதியவர் பழையவரைவிட 4 புள்ளிக்கு மேல் கூடுதலாக ஈட்டினால்தான் அந்த அபராதம் கட்டும். சராசரி ஆட்டக்காரர் வாரத்துக்கு ஈட்டுவது இரண்டோ மூன்றோ. ஆதலால் காயம், தடை, பெஞ்ச் ஆகிய மூன்று காரணங்கள் தவிர வேறெதற்கும் தண்டம் கட்டாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

வைல்ட்கார்டு, ஃப்ரீ ஹிட், பெஞ்ச் பூஸ்ட், மும்மடங்குக் காப்டன் என்று நான்கு விசேஷச் சீட்டுகளும் உண்டு. முதல் மாதத்தில் அவற்றை மறந்துவிடுங்கள். பிறகு, அணி முழுவதையும் புதுப்பிக்க வைல்ட்கார்டு உதவும் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காசு கட்டி ஆடும் கற்பனைப் போட்டிகள் நம் நாட்டில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றிப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்தது. ட்ரீம்11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது. சாப்பாட்டு விடுதிக் கட்டணத்தை அப்படித் தொலைத்துவிட்டு, மாதம் முழுவதும் ரொட்டியும் டீயுமாக ஓட்டிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் சங்கத்துக்குள் தனி லீக் ஒன்று தொடங்கினால் கட்டணம் ஒரு காசும் இருக்கலாகாது. தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு நல்ல காப்பி வாங்கித் தரட்டும். இந்த ஊரில் நல்ல காப்பி கிடைத்தால்!

கடைசியாகக் கடிகாரம். வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பே கதவு அடைபட்டுவிடும். முதல் ஆட்டம் இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 12.30-க்கு என்றால், நமக்குக் கெடு பிற்பகல் 3.30. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவார்கள். அதன் பிறகு மார்ச்சு இறுதி வரை 4.30. வெள்ளிக்கிழமை இரவு 8 மணி ஆட்டமானால், இங்கே கெடு இரவு 11 மணி. குளிர்காலத்தில் நள்ளிரவு 12. வெள்ளி மாலையே அணியைச் சரிபார்த்து வைத்துவிட்டு, மற்றதைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்.