கடலில் ஒரு வேளாண்மை

இராமநாதபுரம் ஜில்லாவின் கரையோரத்தில் விசித்திரமான வயல் ஒன்று உண்டு. அதற்கு வரப்புமில்லை, வாய்க்காலுமில்லை. அலையின்மேல் சதுரம் சதுரமாக மூங்கில் தெப்பங்கள் மிதக்கின்றன. அவற்றில் கட்டிய கயிறுகளிலே கடற்பாசி தழைக்கின்றது. மீனவப் பெண்மணிகள் ஜலத்தில் நின்று இதைப் பயிரிடுகிறார்கள். 45 நாளில் அறுவடை.

நீரில் உணவு வளர்ப்பது இன்று சிறு காரியமன்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் பிடித்த மீனினங்கள் 9 கோடியே 10 லட்சம் டன். கடலிலும் குளத்திலுமாக வளர்த்தவை 9 கோடியே 44 லட்சம் டன். வளர்த்தது பிடித்ததை மிஞ்சியது அதுவே முதல் தடவை.

இதனால் பூமியின் சீதோஷ்ணம் கெடுமா என்று நேயர்கள் கேட்கலாம். வளரும் பிராணி எதைத் தின்கிறது, எந்த இடத்தில் வளர்கிறது என்பதைப் பொறுத்தது விடை.

நார்வே தேசத்தில் மலைகளுக்கிடையே புகுந்த கடற்கழிகளில் கூண்டு கட்டி ஸால்மன் மீன் வளர்க்கிறார்கள். அதன் தீவனத்துக்குப் பிரேஸிலில் விளைந்த சோயாவும் கப்பலேறி வருகிறது. கடல் மீனுக்காக நிலத்தை உழ வேண்டியிருக்கிறது! அந்த மீன் ஆகாய விமானத்தில் ஆசியாவுக்கு வரும்போது கரியமில வாயுவின் கணக்கு இன்னும் ஏறுகிறது.

இறால் பண்ணையின் கதை வேறு. இந்தோனேஷியா, தாய்லாந்து முதலிய தேசங்களில் அலையாத்திக் காடுகளை வெட்டிக் குளம் தோண்டினார்கள். நெடுங்காலமாகச் சேற்றில் புதைந்திருந்த கரி, வாயுவாகிக் கிளம்பிவிட்டது. நம் நாகைப் பகுதியில் இறால் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் வழக்காடி, 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். 2005-இல் வந்த சட்டம் நிபந்தனைகளுடன் பண்ணைகளுக்கு மீண்டும் வழிவிட்டது. அவர் உழவரின் நிலத்துக்காகவும் குடிநீருக்காகவும் வாதாடினார். இன்று அத்தகைய வழக்கில் ஆகாயத்தையும் ஒரு வாதியாகச் சேர்க்கலாம்.

சிப்பிக்கும் பாசிக்கும் நாம் இரை போட வேண்டியதில்லை. சிப்பி கடல்நீரை வடிகட்டி உண்கிறது. பாசி வெயிலைக் கொண்டே வளர்கிறது. உரமில்லை, நன்னீர் இல்லை, நிலமும் இல்லை. ஆனால் பாசி கரியமில வாயுவை நிரந்தரமாகப் பூட்டி வைக்கிறது என்று மகிழ்வது அவசரம். அறுத்த பாசி காரகீனன் என்னும் பொருளாகி, ஐஸ் கிரீமைக் கெட்டியாக்கி நம் வயிற்றுக்கு வருகிறது; அதிலிருந்த கரி பெரும்பாலும் காற்றுக்கே திரும்புகிறது. அதன் பெருமை சிக்கனத்தில்தான் இருக்கிறது.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். நம் தெப்பங்களில் வளரும் கப்பாபைக்கஸ் அந்நியக் கடலிலிருந்து வந்த பாசி. அது குருசடைத் தீவில் பவளப் பாறைகளின்மேல் படர்ந்ததை 2008-இல் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். மேலும், 2013-ஐ ஒட்டிக் கடல்நீர் சூடேறியபோது இப்பயிர் பெருமளவில் மடிந்தது. வானத்துக்கு அதிகத் தீங்கு செய்யாத பெண்களே வானத்தின் கோபத்தை முதலில் அனுபவித்தார்கள்.

மீன் வாங்கும்போது விலையை விசாரிக்கிறோம். புதிதா என்று செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். இனி, “இது எங்கே வளர்ந்தது? என்ன தின்றது?” என்றும் விசாரிப்போம். ஜனங்கள் கேட்கத் தொடங்கினால் வியாபாரிகளும் சர்க்காரும் பதில் தேடித்தான் ஆகவேண்டும்.