ஓடுகிறவரின் தோள்

ஓட்டம் என்றால் அது கால்களின் காரியம் என்றே எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, அதில் கைகளுக்கும் தோள்களுக்கும் என்ன பங்கு உண்டு என்ற கேள்வி எழுவதே அபூர்வம். கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் காலையில் ஓடப் போகிறவர் எவரும் ஒரு சிறு பரீட்சையால் இதை அறிந்துகொள்ளலாம். ஒரு சுற்றை வழக்கம்போல ஓடி முடித்தபின், அடுத்த சுற்றில் இரு கைகளையும் உச்சந்தலைமேல் கோத்து வைத்துக்கொண்டு அதே வேகத்தில் ஓடிப் பார்க்கட்டும். இடுப்புக்கு மேற்பட்ட சரீரம் இடமும் வலமுமாகத் திருகுவதையும், அத்திருகலை அடக்குவதற்காக வயிறும் முதுகும் படும் பிரயாசையையும், சுவாசம் முன்னதாகவே முட்டிக்கொண்டு வருவதையும் அவர் தம் தேகத்திலேயே உணர்ந்துவிடுவார். இதே பரீட்சையைக் கருவிகளின் துணையோடு நடத்திய அமெரிக்க ஆய்வாளர்களான கிறிஸ்டோபர் அரெல்லானோவும் றொட்ஜர் கிராமும் 2014இல் வெளியிட்ட முடிவின்படி, கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு ஓடியபோது 3 வீதமும், மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு ஓடியபோது 9 வீதமும், தலைமேல் வைத்துக்கொண்டு ஓடியபோது 13 வீதமும் சக்தி கூடுதலாகச் செலவாயிற்று.

காரணம் எளிது. வலக்கால் முன்னே வீசப்படும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சுழல முற்படுகிறது. அந்தச் சுழற்சிக்கு ஈடாக எதிர்த்திசையில் ஒரு சுழற்சி வேண்டும். அதை இடக்கையும் மேலுடம்பும் சேர்ந்து கொடுக்கின்றன. அந்தக் கைவீச்சின் பெரும்பகுதியும் நாம் வேண்டுமென்று தசைபலத்தால் ஆட்டுவதனால் உண்டாவதன்று. உடம்பு திரும்பும்போது தோள் திரும்ப, தோள் திரும்பும்போது கை தானாகவே பின்னும் முன்னும் போய்வருகிறது என்பதை 2009இல் ஹெர்மன் பொன்ட்சரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டினார்கள். இங்கேதான் தோளின் இளக்கம் முக்கியமாகிறது. தானாகப் போய்வர வேண்டிய கை, தோள் இறுகிக் கிடந்தால் போய்வராது. போய்வராத கைக்கு ஈடாக முதுகெலும்பு அளவுக்கு மீறித் திருகும். ஓடுகிறவர் தம்மை அறியாமலே தோளைக் காதுவரைக்கும் உயர்த்திக்கொண்டு, கழுத்துத் தசைகளின் துணையால் அரைமூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவார்.

தோள் என்று நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடும் அவயவத்தின் அமைப்பு மிகவும் விசேஷமானது. கை முழுவதையும் உடம்பின் நடு எலும்புக்கூட்டோடு எலும்புக்கு எலும்பாகப் பிணைப்பது, நெஞ்செலும்பின் உச்சியில் காறை எலும்பு வந்து சேரும் அந்த ஒரு சிறு மூட்டு மாத்திரமே. முதுகுப்புறத்திலுள்ள தோட்பட்டை எலும்போ விலா எலும்புகளோடு எந்த மூட்டினாலும் கட்டப்படாமல், பெரும்பாலும் தசைகளின் இழுப்பினாலேயே, அலைமேல் நிற்கும் தோணிபோல மிதந்துகொண்டிருக்கிறது. நாம் கையை முழுதாக மேலே தூக்கும்போது தோள்மூட்டு ஒரு பங்கும் இந்தத் தோட்பட்டை இன்னொரு பங்குமாக ஒரே தாளத்தில் அசைகின்றன என்பதைப் பொஸ்ரன் நகரத்து அறுவை வைத்தியர் எர்னஸ்ட் கொட்மன் 1934இல் வெளியான தமது நூலில் விளக்கினார்; பத்தாண்டுகளின் பின்னர் இன்மன் முதலிய ஆய்வாளர்கள் அதை அளந்து, ஏறக்குறைய 180 பாகை உயர்வில் 120 பாகை மூட்டினாலும் 60 பாகை தோட்பட்டையின் நகர்வினாலும் கிடைக்கின்றன என்று கணக்கிட்டார்கள். ஆகவே கை வராதபோது கையை மாத்திரம் பிடித்து இழுப்பது பேதைமை. தோட்பட்டை நகர்கிறதா, அது நகர்வதற்கு அடியிலுள்ள விலாக்கூடு விரிந்தும் திரும்பியும் இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பதே முதற்காரியம்.

நம் கரையோர ஊர்களின் பழைய ஜீவனம் தோளுக்கு என்ன செய்தது என்று சிந்தித்துப் பார்ப்பது பிரயோஜனமானது. அது நன்மையே செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டு புகழ நான் விரும்பவில்லை. மருதமுனையில் கைத்தறியின் முன் நாள்முழுதும் அமர்ந்து, ஒரு கையால் நாடாவை ஓடவிட்டு மறுகையால் நூலை அடித்து நெருக்கிய நெசவாளர்களின் தோள்கள் முன்னோக்கி வளைந்து, மார்பு குழிந்துபோனதை முதியவர்கள் பலரிடம் இன்றும் காணலாம். ஆனால் கரைவலை இழுத்தவர்களின் விஷயம் வேறு: கயிற்றைப் பற்றிக்கொண்டு, காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்து, முழங்கைகளை விலாவை ஒட்டிப் பின்னே கொண்டுபோகும் அந்த அசைவில், தோட்பட்டைகள் இரண்டும் முதுகின் நடுவை நோக்கி நெருங்குகின்றன, ஓட்டத்தில் கை பின்னோக்கிப் போகும் திசையும் அதுவே. அவ்வாறே உலக்கை பிடித்து மாவிடித்த நம் பாட்டிமார், தலைக்கு மேலே கையை உயர்த்துவதற்கென்று தனியாக எந்த அப்பியாசமும் செய்யவேண்டியிருக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது, கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் அண்ணாவிமாரிடம் இளைஞர்கள் பயின்றுவந்த சீனடி சிலம்பத்தையும், கல்யாண ஊர்வலங்களில் ஆடப்பட்ட பொல்லடியையும்தான். பொல்லைச் சுழற்றுகிறவன் கையை மாத்திரம் சுழற்றுவதில்லை. அடி எடுத்துவைக்கும்போதே இடுப்பு திரும்ப, இடுப்போடு விலாக்கூடு திரும்ப, அதன்மேல் தோட்பட்டை வழுக்கிச்செல்ல, கடைசியிலேதான் மணிக்கட்டும் பொல்லும் வருகின்றன. காலுக்கும் எதிர்ப்பக்கத் தோளுக்கும் உள்ள அந்த உறவைத்தான் ஓட்டப் பயிற்றுநர்கள் இன்று தனித்தனி அப்பியாசங்களாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இக்கலைகள் விழாமேடைக் காட்சிகளாகச் சுருங்கிவருவதில் எனக்குள்ள துக்கம், மரபு அழிகிறதே என்பதற்காக மாத்திரமன்று. இளம்பிள்ளைகளின் தேகம் இழக்கும் சம்பத்துக்காகவும்தான். மேசைக்கும் கைத்தொலைபேசிக்கும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடிக்கும் தையல் இயந்திரத்துக்கும் முன்னே குனிந்திருப்பதில் நம் நாட்கள் கழிகின்றன. கை பின்னோக்கிப் போகவேண்டிய அவசியமே அன்றாடத்தில் அற்றுப்போயிற்று. ஆதலால், முன்பு வேலையும் விளையாட்டும் கொடுத்ததை இப்போது நாமாகவே தேடிச் செய்யவேண்டியிருக்கிறது.

அதற்குப் பத்து நிமிஷங்களும் ஒரு சுவரும் ஒரு துவாயும் போதும். வெளியில் ஓடும் வாய்ப்புக் குறைந்த பெண்களும் அறைக்குள்ளேயே செய்துகொள்ளலாம். முதலில், ஒரு கையைக் கதிரையில் ஊன்றி முன்னே குனிந்து, மற்றக் கையைப் பாரமற்றுத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல அசைப்பதனால் அந்தக் கை முன்னும் பின்னும் வட்டமாகவும் தானே ஊசலாடும்படி செய்யுங்கள். கொட்மனின் பெயரால் வழங்கும் இந்த ஊசலாட்டம் நோயாளிகளுக்கென ஏற்பட்டதேயாயினும், கையைச் சும்மா விடுவது எப்படி என்பதை ஆரோக்கியமானவருக்கும் கற்றுக்கொடுக்கிறது. பின்னர் நிமிர்ந்து நின்று, தோள்களைக் காதை நோக்கி உயர்த்தி, பின்னே கொண்டுபோய், மூச்சை விட்டபடியே கீழே இறக்கி, எட்டுப்பத்துத் தடவை மெதுவாகச் சுழற்றவேண்டும்.

அடுத்ததாக நான் சொல்வதே இவை எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது என்பது என் அபிப்பிராயம். ஒருபக்கமாகப் படுத்து, முழங்கால்கள் இரண்டையும் இடுப்பளவுக்கு மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, இரு கைகளையும் மார்புக்கு நேராக நீட்டிச் சேர்த்து, பின் மேற்கையை மாத்திரம் மெல்ல எடுத்து, முகமும் மார்பும் அதோடு திரும்ப, மறுபக்கத்துத் தரையை நோக்கிக் கொண்டுபோங்கள். முழங்கால்கள் இடம்விட்டுப் பெயரலாகாது. கை தரையைத் தொடவேண்டும் என்ற அவசியமில்லை. அவ்விடத்தில் இரண்டு மூன்று ஆழ்ந்த சுவாசங்கள் எடுத்துத் திரும்பினால், விலாக்கூடு சிறிது சிறிதாகத் திறந்துகொடுப்பதைச் சில வாரங்களில் உணரலாம். ஓட்டத்தில் தோளும் இடுப்பும் எதிரெதிராகத் திரும்புவதற்கு வேண்டிய இளக்கம் இதுவே.

சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முழங்கைகளை மடித்த கைகளைச் சுவரை ஒட்டியபடியே மேலே வழுக்கிக் கொண்டுபோய் இறக்குவது தோட்பட்டைக்கு. கதவுநிலையில் முன்கையை ஊன்றி ஓரடி முன்வைத்து நிற்பது, குறுகிப்போன மார்புத் தசைகளுக்கு. துவாயின் இரு முனைகளையும் அகலமாகப் பிடித்து, முன்னேயிருந்து தலைக்கு மேலாக எவ்வளவு தூரம் நோவின்றிப் பின்னே போகுமோ அவ்வளவு கொண்டுபோய் வருவதும் நன்று. முடிவில் நின்ற இடத்திலேயே, முழங்கைகளை ஏறக்குறைய செங்கோணத்தில் மடித்து, விரல்களை இறுக்காமல் மூடி, முழங்கையைப் பின்னோக்கித் தள்ளுவதிலேயே கருத்தை வைத்துக் கைகளை வீசிப் பழகவேண்டும். முன்னே வரும் கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தானே வந்துவிடும்.

இவற்றைச் செய்தால் நாளைக்கே வேகம் கூடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக், தலையை ஆட்டி, முகத்தைச் சுளித்து, தோள்களை முறுக்கிக்கொண்டு ஓடியவர் என்பது பிரசித்தம். அப்படிப்பட்ட அசாதாரணப் புருஷர்கள் உண்டு. ஆனால் நாற்பது வயதில் வைத்தியர் சொன்னதற்காக ஓடத் தொடங்குகிற சாதாரண மனிதருக்கு, வீணாகும் சக்தியை மிச்சப்படுத்துவதும் மூச்சுக்கு இடம் கொடுப்பதும் சிறிய லாபமல்ல.

அந்த வயதினர் ஒன்றை மறக்கலாகாது. தொழுகையில் தக்பீர் கட்டக் கையைத் தூக்கும்போது ஒரு பக்கம் மாத்திரம் காதளவுக்கு வராமல் நின்றுவிடுவது, சட்டையின் கையை நுழைக்கும்போது சுரீரென்று வலிப்பது, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமை ஆகியவை தோள் உறைந்து இறுகும் நோயின் ஆரம்பமாக இருக்கக்கூடும். பொதுமக்களில் 100க்கு 2 முதல் 5 பேருக்கு வருவதாகச் சொல்லப்படும் இந்நோய், நீரிழிவு உள்ளவர்களில் 100க்கு 10 முதல் 20 பேரைப் பிடிக்கிறது என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. சீனி வருத்தம் பரவிவரும் நம் ஊர்களில் இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. அத்தகையவர்கள் வலியோடு மல்லுக்கட்டிக் கையை வளைக்காமல், வைத்தியரையும் இயன்மருத்துவரையும் கண்டு, அவர்கள் சொல்லும் அளவிலேயே பயிற்சி செய்யவேண்டும். விழுந்து அடிபட்டபின் கை தூக்கமுடியாமற் போனவர்களும், இடத்தோள் வலியோடு நெஞ்சில் பாரமும் வியர்வையும் உணர்பவர்களும் ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதும் தோளைக் கவனிக்கலாம். சில நிமிஷங்களுக்கு ஒருமுறை கைகளிரண்டையும் பக்கங்களில் தொங்கவிட்டு உதறி, நீண்ட மூச்சொன்றை வெளியே விட்டு, மறுபடியும் முழங்கைகளை மடித்துக்கொண்டால், அறியாமல் ஏறியிருந்த தோள் இறங்கிவிடும். கடற்கரை மணலில் ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும்: நீரோரத்து ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் தாழ்ந்த மணலிலும் மறுகால் உயர்ந்த மணலிலுமாக விழுந்து, அதற்கேற்ப இடுப்பும் தோளும் கோணிப்போகும். ஆதலால் போன வழியே அதே தூரம் திரும்பி ஓடுவதும், முடிந்தால் சரிவு குறைந்த வற்றுநேரத்தைத் தெரிந்தெடுப்பதும் உத்தமம்.