கழிமுகத்தில் கொடுவா பிடிக்கும் முறை

கடலோரக் கிராமங்களில் உள்ள சிறு விவசாயிகளுக்கு வயல் வேலை ஓய்ந்த நாட்களில் கைகொடுப்பது கழிமுகத்து மீன். அவற்றுள் நல்ல விலைக்குப் போவது கொடுவா. பழவேற்காடு ஏரி, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடம், பிச்சாவரம் வாய்க்கால்கள் போன்ற உவர்நீர்ப் பகுதிகளில் இது கிடைக்கிறது. படகும் பெரிய வலையும் இல்லாதவர்கள் கரையில் இருந்தபடியே தூண்டிலில் பிடிக்கலாம்.

இடமும் நேரமும்

கொடுவா மறைந்திருந்து இரையின் மேல் பாயும் மீன். பாலத் தூண், அலையாத்தி மர வேர், நீரில் கிடக்கும் கட்டை ஆகியவற்றின் நிழலில் நிற்கும். கடல்நீர் ஏறி, மீண்டும் வடியத் தொடங்கும்போது சிறு வாய்க்கால்களிலிருந்து மடவைக் குஞ்சுகளும் இறாலும் வெளியே வரும். அந்த வாய்க்கால் வாயில் கொடுவா காத்திருக்கும். விடியற்காலை, அந்தி, இரவு ஆகியவை ஏற்ற நேரங்கள்.

இரையும் நரம்பும்

உயிருள்ள இரையே சிறந்தது. மடவையானால் மேலுதட்டிலும், இறாலானால் வால் பக்கத்திலும் முள்ளைக் கோக்க வேண்டும். அப்போதுதான் இரை நெடுநேரம் உயிரோடு நீந்தும். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி போல் கூர்மையானது. மெல்லிய நரம்பை அறுத்துவிடும். எனவே முள்ளை ஒட்டி ஒரு முழ நீளத்துக்குத் தடித்த நைலான் நரம்பு கட்டுவது அவசியம்.

முள் தைத்ததும் மீன் நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அப்போது நரம்பைத் தளரவிட்டால் முள் கழன்று விழும். கரை சேர்ந்த மீனின் செவுளில் விரல் விடக்கூடாது. கீழ்த்தாடையைப் பற்றித் தூக்க வேண்டும். மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு வைத்தால் விலை குறையாது.

தாய் மீனைக் காக்க

கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் இனம். ஆகவே ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட மீன்களில் பெரும்பாலானவை பெண். ஒரு தாய் மீன் பல லட்சம் முட்டைகள் இடும். ஒரு கிலோவுக்குக் குறைந்தவையோ இன்னும் இனம் பெருக்காதவை. இவ்விரண்டையும் நீரில் விட்டு, இடைப்பட்ட அளவுள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பெரிய மீனைக் கைவிட மனம் வராதுதான். ஆனால் விதை நெல்லை விற்றுவிட்டு அடுத்த போகத்துக்கு என்ன செய்வது?

உவர்நீர்க் குட்டை உள்ளவர்கள் கொடுவாவை வளர்க்கவும் செய்யலாம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் இதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து வெற்றி கண்டது. பெரிய குஞ்சு சிறியதைத் தின்றுவிடும் என்பதால், அளவு வாரியாகப் பிரித்து வளர்ப்பது முக்கியம்.