பழைய வீரனுக்குப் புதிய பிறவி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., கணிப்பொறி அறிவியல்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அது பொழுதை விழுங்கும், கண்ணைக் கெடுக்கும், படிக்கிற பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். இக்குற்றச்சாட்டுகளில் உண்மையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆயினும் நாடகத்தையும் திரைப்படத்தையும் போல அதுவும் கதை சொல்லும் கலைகளுள் ஒன்றாக வளர்ந்துவிட்டது. ஆகவே அக்கலைகளுக்கு வந்த சிக்கல்கள் இதற்கும் வருகின்றன. ஒரு காலத்தில் கைதட்டல் பெற்ற வீரனை மற்றொரு காலத்தில் எப்படி நடமாட விடுவது என்பது அவற்றுள் ஒன்று.

'காட் ஆஃப் வார்', அதாவது 'போர்த் தெய்வம்', என்னும் விளையாட்டு வரிசை இச்சிக்கலை 2018 ஆம் ஆண்டில் எதிர்கொண்ட முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். விளக்குவதற்குக் கதையின் முடிவையும் சொல்லியாக வேண்டும். இனிமேல்தான் ஆடப்போகிறோம் என்னும் நண்பர்கள் பொறுத்தருள்க!

சினமே உருவானவன்

இவ்வரிசையின் முதல் விளையாட்டு 2005 ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்தது. உருவாக்கியது அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள சாண்டா மோனிக்கா ஸ்டுடியோ. இயக்கியவர் டேவிட் ஜாஃபி. கதைக்களம் பண்டைய கிரேக்கம். கதைத் தலைவன் கிரேட்டோஸ் என்னும் ஸ்பார்ட்டா நாட்டுப் படைத்தலைவன். கிரேட்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு வலிமை, ஆட்சி என்று பொருள். 'டெமாக்ரசி' என்னும் சொல்லின் பின்பாதி இதிலிருந்து வந்ததே. ஈஸ்கிலசின் பெயரால் வழங்கும் பண்டை நாடகம் ஒன்றில், புரோமிதியசைப் பாறையில் பிணிக்க இழுத்து வருவோருள் ஒருவனுக்கும் இப்பெயர் உண்டு. விளையாட்டின் வீரன் வேறு. அவன் கதை புதிதாகப் புனையப்பட்டது.

போர்க்களத்தில் சாகும் தறுவாயில் கிரேட்டோஸ் போர்த் தெய்வமாகிய ஏரிசிடம் தன்னை ஒப்படைக்கிறான். சங்கிலி பூட்டிய இரு வாள்கள் அவனுக்குக் கிடைக்கின்றன. அச்சங்கிலிகள் அவன் மணிக்கட்டுத் தசையோடு தீயால் பிணைக்கப்படுகின்றன. பின்னர் ஏரிசின் சூழ்ச்சியில் சிக்கி, போர்வெறியில் தன் மனைவியையும் மகளையும் தானே கொன்றுவிடுகிறான். அவர்களுடைய சாம்பல் அவன் தோலை விட்டு என்றும் நீங்காதென்பது சாபம். அவன் உடல் வெளுத்திருப்பதன் காரணம் இதுவே.

அன்றிலிருந்து அவன் கதை பழிவாங்கும் கதையாயிற்று. முதல் விளையாட்டில் ஏரிசைக் கொன்று அவன் இடத்தில் தானே போர்த் தெய்வமாகிறான். 2007 ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்தில் தெய்வங்களின் அரசனான சீயசே தன் தந்தை என்றறிகிறான். 2010 ஆம் ஆண்டின் மூன்றாம் பாகத்தில் அத்தந்தையையும் கொல்கிறான். கடல் தெய்வம் மாண்டதும் கடல் பொங்கி ஊர்களை விழுங்குகிறது. கதிரவன் மாண்டதும் வானம் இருள்கிறது. நாடே பாழாகிறது. ஆடுபவரோ விசைகளை வேகமாக அழுத்தி இவ்வளவையும் தம் கையாலேயே செய்துமுடிக்கிறார்!

எதிரி தீர்ந்த வீரன்

சினத்தை மட்டுமே முதலாக வைத்து நடத்தும் கதைக்கு ஓர் எல்லை உண்டு. கொல்லத்தக்கவர் எல்லாரும் தீர்ந்தபின் வீரனுக்கு என்ன வேலை? 2013 ஆம் ஆண்டில் முன்கதையொன்றைச் சொல்லி நான்காவது பெரிய பாகத்தை வெளியிட்டார்கள். மூன்றாம் பாகத்திற்குக் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. 2014 ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தில் உருவாகிவந்த வேறொரு புதிய விளையாட்டு கைவிடப்பட்டு, பணியாளர் சிலர் வேலையும் இழந்தனர்.

காலமும் மாறியிருந்தது. முதற்பாகத்தை இளைஞராக ஆடியவர்களுள் பலர் இப்போது குடும்பத்தவர், குழந்தை பெற்றவர். முதற்பாகத்தில் அசைவூட்டக் கலைஞராகவும், இரண்டாம் பாகத்தில் இயக்குநராகவும் இருந்து, இடையில் விலகி, 2013 ஆம் ஆண்டில் திரும்பிவந்த கோரி பார்லாக்கும் அவர்களுள் ஒருவர். தாம் தந்தையான அனுபவமே புதிய கதைக்கு வித்து என்று அவர் கூறியிருக்கிறார்.

கிரேட்டோசையே விட்டுவிட்டு வேறொரு வீரனைப் படைக்கலாம் என்னும் கருத்து நிறுவனத்துக்குள் எழுந்தது. அதுதான் எளிய வழி. மற்றொரு வழியும் இருந்தது. பழைய குற்றங்களை மறந்துவிட்டு, அதே பெயரில் ஒரு நல்லவனைக் காட்டுவது. பார்லாக் இரண்டையும் ஏற்கவில்லை. கிரேட்டோஸ் இருப்பான், அவன் செய்தவையும் அவனோடு இருக்கும், ஆனால் அவனுக்கு ஒரு மகன் இருப்பான் என்று முடிவு செய்தார்.

இடம் மாறிற்று, சுமை மாறவில்லை

2018 ஏப்ரல் 20 அன்று பிளேஸ்டேஷன் 4 கருவிக்காக வெளிவந்த விளையாட்டில், கிரேட்டோஸ் கிரேக்கத்தை விட்டு வடக்கே, ஸ்காண்டிநேவியப் புராண உலகில் வாழ்கிறான். தாடி வளர்ந்திருக்கிறது. பேச்சு குறைந்திருக்கிறது. மணிக்கட்டுத் தழும்புகளைத் துணி சுற்றி மறைத்திருக்கிறான். பழைய வாள்கள் வீட்டுத் தரைக்கு அடியில் கிடக்கின்றன.

தொடக்கக் காட்சியில் அவன் ஒரு மரத்தை வெட்டுகிறான். இறந்துபோன இரண்டாம் மனைவியின் சிதைக்கு விறகு அது. தன் சாம்பலை உலகங்கள் அனைத்திலும் உயர்ந்த சிகரத்திலிருந்து தூவவேண்டும் என்பது அவள் கடைசி விருப்பம். தந்தையும் சிறுவன் அட்ரியசும் அச்சாம்பலை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். முதற்குடும்பத்தின் சாம்பல் அவன் தோலில் ஒட்டியிருக்கிறது. இரண்டாம் மனைவியின் சாம்பல் இடுப்புப் பையில் இருக்கிறது. பழைய கதையும் புதிய கதையும் ஒரே உடலில் சந்திக்கும் இந்த ஏற்பாடு எண்ணி வியக்கத்தக்கது.

மாற்றம் கதையில் மட்டும் நிகழவில்லை. ஆடும் முறையிலும் நிகழ்ந்தது. முன்னைய பாகங்களில் கேமரா எட்ட நின்று பார்க்கும். பெரிய மலையும் பூதமும் நடுவே வீரன் சிறு உருவாகத் தெரிவான். புதியதில் கேமரா அவன் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை காட்சி வெட்டப்படாமல் ஒரே ஓட்டமாகச் செல்கிறது. திரைப்படத்தில் ஒரு பாத்திரம் அழும்போது காட்சியை மாற்றிவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. மகன் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் தந்தை நிற்கும் நேரத்தில் நாமும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றே தீரவேண்டும்.

படைக்கலமும் மாறிற்று. சங்கிலி வாள்கள் கையை விட்டு அகலாதவை. புதிய கோடரியோ எறிந்தால் போய்ப் பதிகிறது; அழைத்தால் திரும்பி வருகிறது. மேலும் ஒரு விசை மகனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை அழுத்தினால் அட்ரியஸ் அம்பு தொடுப்பான். முதலில் அவ்வம்பு பெரிதாகப் பயன்படுவதில்லை. பயணம் செல்லச்செல்ல அவனில்லாமல் வெல்ல முடியாது என்ற நிலை வருகிறது. மகன் வளர்ந்துவிட்டான் என்று வசனம் எழுதத் தேவையில்லை. ஆடுபவரின் விரலே உணர்ந்துவிடுகிறது.

படிக்கத் தெரிந்த மகன்

இவ்விளையாட்டில் என்னை மிகவும் தொட்டது சண்டையன்று. அந்நாட்டு எழுத்துகள் கிரேட்டோசுக்குத் தெரியா. அவன் அயல்நாட்டான். அட்ரியசுக்கோ தாய் கற்பித்திருக்கிறாள். வழியில் சுவரிலும் பாறையிலும் எழுத்துகள் காணப்படும்போதெல்லாம், தெய்வங்களையே கொன்ற அந்த வீரன் ஒதுங்கி நின்று மகனைப் படிக்கச் சொல்கிறான்.

என்னைப்போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். வங்கிப் படிவமோ, மருந்துச் சீட்டோ, பட்டா நகலோ எதுவாயினும் நம் தந்தையர் ஒன்றும் பேசாமல் நம்மிடம் நீட்டுவார்கள். அந்த நீட்டுதலில் இருப்பது கட்டளையா, நம்பிக்கையா, கூச்சமா? மூன்றும் கலந்திருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்கர் உருவாக்கிய ஒரு புராண விளையாட்டில் அதே கையசைப்பைக் கண்டபோது, இக்கதை எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

கதை அவ்வளவில் நிற்கவில்லை. தானும் தெய்வப் பிறவி என்ற உண்மையைத் தந்தை மறைத்துவைத்ததால் சிறுவனுக்கு நோய் வருகிறது. அவனைக் காப்பாற்ற, ஒளித்துவைத்த பழைய வாள்களைக் கிரேட்டோஸ் மீண்டும் எடுக்க நேர்கிறது. தான் ஓர் அரக்கனாய் இருந்ததை அவ்வேளையில் அவன் மறுக்கவில்லை. உண்மை தெரிந்தபின் சிறுவனுக்குத் தலைக்கனம் ஏறுகிறது. தந்தை சொல் கேளாமல், ஏற்கெனவே அடிபட்டு நிற்கும் ஒருவனைக் கொன்றும் விடுகிறான். படிப்போ பிறப்போ தந்த பெருமை ஒரு பிள்ளையை எங்கே கொண்டு விடும் என்பதை இப்பகுதி நயமாகக் காட்டுகிறது. படித்த பிள்ளைகளாகிய நாம் இதைச் சற்றே நின்று பார்க்கலாம்.

புல்லுருவியும் புராணமும்

புராணத்தை இப்படி மாற்றலாமா என்ற வினா எழலாம். பழைய கதையையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டர்லுசன் ஏறத்தாழ 1220 ஆம் ஆண்டில் எழுதிய நூலில் பால்டர் என்னும் தெய்வத்தின் கதை உள்ளது. மகனுக்குத் தீங்கு செய்வதில்லை என்று தாய் உலகப் பொருள்கள் அனைத்திடமும் உறுதி வாங்குகிறாள். புல்லுருவி மட்டும் மிக இளையது என்று விட்டுவிடுகிறாள். லோகி என்னும் சூழ்ச்சிக்காரன் அப்புல்லுருவியைப் பார்வையற்ற ஒருவன் கையில் கொடுத்து எறியச் செய்ய, பால்டர் இறக்கிறான்.

விளையாட்டில் பால்டரின் தாய் மகன் சாகாதிருக்க மந்திரம் செய்கிறாள். அதன் விளைவாக அவனுக்கு வலியும் இல்லை, சுவையும் இல்லை, தொடுவுணர்வும் இல்லை. காத்த தாயையே அவன் வெறுக்கிறான். அட்ரியசின் அம்பறாத்தூணி வார் அறுந்தபோது கிரேட்டோஸ் ஓர் அம்பு முனையால் அதைச் செருகிக் கொடுத்திருந்தான். அது புல்லுருவி முனை. சிறுவன் மார்பில் பால்டர் குத்தும்போது அது கையில் தைத்து மந்திரம் உடைகிறது. பின்னர் அவன் தாயின் கழுத்தை நெரிக்க முனையவே, கிரேட்டோஸ் அவனைக் கொல்கிறான். இறுதியில், அட்ரியசுக்குத் தாய் வைத்த பெயர் லோகி என்று தெரியவருகிறது!

பழைய புராணத்தின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. தாயும், புல்லுருவியும், லோகியும் உண்டு. பால்டர் மாள்வதும் உண்டு. மாறியிருப்பது நிகழ்ச்சிக்குச் சொல்லப்பட்ட காரணம். ஸ்னோரியும் தம் நாடு கிறித்தவ சமயத்தை ஏற்று இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், தம் காலத்தவர்க்காக எழுதியவர்தாம். எனவே புராணத்தைத் திருப்பிச் சொல்வது இன்று தொடங்கிய வழக்கமன்று.

குறையும் நிறையும்

விளையாட்டு வெளியான 3 நாள்களில் 31 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. 2022 நவம்பருக்குள் அது 2 கோடியே 30 இலட்சமாயிற்று. 2018 ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதை 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் பெற்றது. விற்பனையும் விருதும் குறையை மறைத்துவிடா. கொலையின் கொடுமையை உணர்த்த வந்த கதையிலும் கொலைக்குப் பஞ்சமில்லை. முன்பு மனைவியும் மகளும் மடிந்தார்கள். இப்போதும் மனைவி இறந்த பிறகே கதை தொடங்குகிறது. வீரனைத் துயரப்படுத்துவதற்காகப் பெண் சாகவேண்டும் என்னும் பழைய பழக்கம் இங்கும் தொடர்வதை நாம் சுட்டத்தான் வேண்டும். 2022 நவம்பர் 9 அன்று எரிக் வில்லியம்ஸ் இயக்கத்தில் வெளிவந்த 'ரக்னரோக்' பாகத்தில், மகனை இழந்த அத்தாய்க்குத் தக்க இடம் தந்தது ஒரு நல்ல மாற்றம்.

ஆயினும் 2018 ஆம் ஆண்டின் முயற்சி கற்பிப்பது ஒன்றுண்டு. கிரேட்டோஸ் முன்பு செய்த எதையும் அது இல்லையென்று சொல்லவில்லை. தந்தையைக் கொன்றதைக் கிரேட்டோஸ் தன் வாயாலேயே மகனிடம் ஒப்புக்கொள்கிறான். மகன்கள் தாயையும் தந்தையையும் கொல்வதுதான் தெய்வங்களின் விதியா என்று சிறுவன் கேட்கிறான். முன்னைய பாகங்களில் நாம் விசையை அழுத்தி மகிழ்ந்த செயல்களெல்லாம் அக்கேள்வியின் முன் கனத்துப் போகின்றன. அவனுக்கு முன்பு எதிரிகள் மட்டுமே இருந்தார்கள். இப்போது அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஒருவன் இருக்கிறான்.

பழைய வீரர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிய உடை தைப்பது எளிது. அவர்கள் செய்தவற்றை அடுத்த தலைமுறையின் கண்முன் வைத்து, அது கேட்கும் கேள்விக்கு விடை சொல்லச் செய்வது கடினம். அக்கடினமான வேலையை ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறது என்பதற்காகவே அதைக் குறித்து இவ்வளவு எழுதத் துணிந்தேன்.